உடலின் உள்ளறைகள் தமிழ்ப்பெயர் பெற்ற வரலாறு

திருவனந்தபுரத்தில் குடியேறித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தாருக்கு மலையாளம் அயன்மொழியன்று. சாலைக் கடைத்தெருவில் விலை பேசுதற்கும், அலுவலகத்தில் காரியம் முடித்தற்கும், அண்டை வீட்டாருடன் நட்புப் பேணுதற்கும் அம்மொழி நமக்கு நன்கு பயின்றிருக்கின்றது. எனினும் மருத்துவர் எதிரே சென்று அமர்ந்தவுடன் நிலைமை சிறிது மாறிவிடுகின்றது. 'நடுவுக்கு வேதனையுண்டோ?' என மருத்துவர் வினவுகின்றார். மலையாளத்தில் நடுவு என்பது இடுப்பின் பின்புறத்தைக் குறிக்கும். நாம் 'குறுக்கு' என வழங்கும் இடம் அது. தமிழகத்துச் சிற்றூரிலிருந்து அண்மையில் வந்த பாட்டியாருக்கோ நடு என்பது நடுவே. அவர் கொப்பூழைத் தொட்டுக் காட்டுவார். 'புறம் வேதனை' என்று அயலார் கூறினால் அது முதுகுவலி. நமக்குப் புறம் என்பது வெளிப்புறம். சொல் ஒன்று, அது சுட்டும் இடமோ வேறு.

இக்குழப்பம் இரு மொழிகளுக்கிடையே மட்டும் நிகழ்வதன்று. தமிழுக்குள்ளேயே உண்டு. நெஞ்சு என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இதயத்தில் எழும் நோவும் நெஞ்சுவலி. உணவுக்குழலின் அடிப்பாகத்தில் புளிப்புநீர் மேலெழுவதால் உண்டாகும் காந்தலும் நெஞ்செரிச்சல். அன்பும் கவலையும் உறையும் மனமும் நெஞ்சே. வயிறு என்பதும் அத்தகையதே. உண்ட சோறு சென்று தங்கும் பையும் வயிறு, அதனைச் சூழ்ந்த அறை முழுவதும் வயிறு, பிள்ளையைச் சுமந்த தாயின் கருப்பையும் வயிறு. கவிஞர்க்கு இது செல்வம், மருத்துவர்க்கு இடர். நள்ளிரவில் வியர்த்துக் கொட்டிய முதியவர் 'வாயு நெஞ்சில் அடைக்கிறது' என்று கூறிச் சுக்குக் கஷாயம் குடித்துப் படுத்துவிடுவதும், விடிவதற்குள் இதயம் நின்றுவிடுவதும் எல்லா ஊர்களிலும் கேட்கப்படும் செய்திகள். ஆதலின் உடலின் உள்ளறைகளுக்கும் அவற்றின் திக்குகளுக்கும் தமிழில் எவ்வாறு பெயர் அமைந்தது என்பதை அறிதல் சொல்லாராய்ச்சியாளர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று.

இடத்தைக் குறிக்கும் சொற்களில் தமிழ் வறுமையுற்றதில்லை. தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமையை விரிக்குமிடத்து இடப்பொருளை உணர்த்தும் சொற்கள் பத்தொன்பதனை அடுக்கிக் காட்டுகின்றார். முன், பின், மேல், கீழ், வலம், இடம், உள், அகம், புறம், புடை, இடை என்பன அவற்றுட் சில. இவற்றோடு கண், கால், தலை என்னும் உறுப்புப் பெயர்களும் அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளன. உடம்பின் பெயரே இடத்தின் பெயராகவும் நின்றது. இடத்தின் பெயர் உடம்பிற்கு வந்ததும் உண்டு. நாஞ்சில் நாட்டார் உடல்நலம் குன்றியபோது 'மேலுக்குச் சுகமில்லை' என்பர்; ஈண்டு மேல் என்பது உடம்பு. மலையாளத்தாரும் அவ்வாறே வழங்குவர். குறுக்கு, நடுவு, புறம் ஆகிய மூன்றும் இடப்பெயர்களே என்பது சொல்லாமலே விளங்கும்.

ஆனால் உடற்கூற்றியலுக்குச் சொல் இருந்தால் மட்டும் போதாது. அச்சொல் எந்நிலையிலும் ஒரே இடத்தைக் குறித்தல் வேண்டும். கட்டிலில் மல்லாந்து கிடப்பவனுக்கு மேற்புறம் எது? தலையா, மார்பா? கையைத் தூக்கி நிற்பவனுக்கு விரல்கள் தோளுக்கு மேலா, கீழா? இவ்வையத்தை ஒழிப்பதற்காக உடற்கூற்றியலார் ஒரு நிலையை வகுத்துக்கொண்டனர். மனிதன் நிமிர்ந்து நிற்கின்றான், முகம் நேர்நோக்கியது, கால்கள் இணைந்தவை, கைகள் பக்கங்களில் தொங்குகின்றன, உள்ளங்கைகள் முன்னோக்கியிருக்கின்றன. நோயாளி படுத்திருப்பினும் குப்புறக் கிடப்பினும் அவன் இந்நிலையில் நிற்பதாகவே கொண்டு பேசுதல் வேண்டும். அங்ஙனம் கொண்டால் தலையின் பக்கம் என்றும் மேல். பாதத்தின் பக்கம் என்றும் கீழ். உடலை வலம் இடமாகப் பிளக்கும் நடுக்கோட்டிற்கு அணித்தாயிருப்பது நடுப்புறம். அதினின்று விலகியது பக்கப்புறம். கட்டைவிரல் என்றும் பக்கப்புறத்தது. சுண்டுவிரல் என்றும் நடுப்புறத்தது. கை கால்களில் உடலோடு பொருந்தும் மூட்டிற்கு நெருங்கியது அண்மை, விலகியது சேய்மை. முழங்கை மணிக்கட்டினும் அண்மை. விரல்நுனி மணிக்கட்டினும் சேய்மை. அண்மை, சேய்மை என்பன இலக்கணத்தில் சுட்டிற்கும் விளிக்கும் நாம் சிறு வயதிலேயே கற்ற சொற்கள். அவற்றை உடற்கூற்றியலுக்கு எடுத்தாண்டவர் எவராயினும் அவர் தமிழறிந்தவர்.

வலமும் இடமும் நோயாளியினுடையவை, பார்ப்பவருடையவை அல்ல என்பது மற்றொரு விதி. மருத்துவ மாணாக்கர் முதலாண்டில் இதனை மனத்திற் பதிக்க இடர்ப்படுவராம். திருக்கோயில் வழிபாட்டில் பழகிய நமக்கு இஃது அரிதன்று. தில்லைக் கூத்தன் தூக்கியது இடத்திருவடி என்றே நாம் சொல்கின்றோம். எதிரே நின்று காண்பவருடைய வலம் இடம் கொண்டு அதனை எவரும் கூறுவதில்லை. உமையொருபாகனின் இடப்பாகத்தில் அம்மை என்பதும் அவ்வாறே. சிற்பிக்கு இருந்த இத்தெளிவு அறுவைக்கூடத்தில் தவறினால் நேர்வது பெருங்கேடு. நோயுள்ள சிறுநீரகம் இருக்க நலமுள்ளதை நீக்கிவிட்ட வழக்குகள் முன்னேறிய நாடுகளிலும் நிகழ்ந்தமையால், 2008-இல் உலக நலவாழ்வு நிறுவனம் அறுவைக்கு முன்பு சரிபார்க்க வேண்டியவற்றைப் பட்டியலாக வகுத்தபோது, எப்பக்கம் என்பதை உடலின்மேல் அடையாளமிட்டு உறுதி செய்தலையும் அதிற் சேர்த்தது.

இனி, உள்ளறைகளைக் காண்போம். உடலினுள் பின்புறமாக ஓர் அறையும் முன்புறமாக ஓர் அறையும் உள என்பது பழைய பாடநூல்களின் பகுப்பு. பின்புற அறை மண்டையோட்டினுள் மூளையையும், முதுகெலும்பின் உட்குழலில் தண்டுவடத்தையும் காக்கின்றது. சுற்றிலும் எலும்பாலான பெட்டகம் அது. முன்புற அறை பெரியது. இடையே ஒரு தசைத் திரையால் மார்பறை, வயிற்றறை என இரண்டாகப் பிரிவது. மார்பறையுள்ளும் மூன்று தனியிடங்கள் உள்ளன. நுரையீரல்கள் இரண்டும் தத்தம் உறையில் வேறு வேறாகவும், இதயம் நடுவே தன் உறையிலும் அமைந்துள்ளன. ஆதலாற்றான் மார்பின் ஒரு பக்கம் குத்துண்டு அந்நுரையீரல் சுருங்கினும் மறுபக்கத்தது இயங்கி உயிரைத் தாங்குகின்றது. வயிற்றறையின் கீழ்ப்பாகமாகிய இடுப்பறைக்கும் வயிற்றறைக்கும் இடையே திரையேதும் இல்லை. மேலிருந்து கீழே வழியும் சீழ் இடுப்பறையில் சென்று தேங்குவது அதனாலேயே.

அறை என்றவுடன் வெற்றிடம் என எண்ணிவிடலாகாது. வீட்டறையில் ஆள் நடமாட இடமுண்டு. உடலறையில் அங்ஙனம் இல்லை. உறுப்புகள் ஒன்றையொன்று ஒட்டி நிறைந்திருக்கின்றன. அவற்றைப் போர்த்திய மெல்லிய சவ்வு இரண்டு மடிப்பாக அமைந்து, மடிப்புகளுக்கிடையே சிறிதளவு நீர் மட்டுமே கசிந்து நிற்கின்றது. நோயுற்ற காலத்தில் அந்நீர் பெருகும்போதுதான் அறை அறையாகத் தெரிகின்றது.

வயிற்றறையின் முன்புறத்தை மருத்துவர்கள் நெடுக்காக இரு கோடுகளாலும் குறுக்காக இரு கோடுகளாலும் ஒன்பது கட்டங்களாகப் பகுப்பர். நவக்கிரக மேடையை நினைத்துக்கொண்டால் போதும். நடுவில் ஞாயிறு நிற்குமிடத்தில் கொப்பூழ். இந்நகரின் பெருங்கோயிலில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாயில்கள் வழியாகத் திருமுகம், நாபி, திருவடி எனப் பகுத்துக் காண்கின்றோம். அங்கும் நடுவாயிலுக்கு உரியது நாபியே. பத்மநாபன் என்னும் திருப்பெயரும் அதனால் வந்தது. உடலை அளக்கப் புகுந்தவர் எந்நாட்டவராயினும் கொப்பூழை மையமாகக் கொள்வது வியப்பன்று. அது வெளியே தெரிவது, அழியாதது, எல்லோர்க்கும் உள்ளது.

இந்நகரத்திற்குத் தெற்கே, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பின்பு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்த கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களில், மேனாட்டு மருத்துவம் நுழையுமுன்பே உடலின் இடங்களை நுட்பமாக அளந்து பெயரிட்ட ஒரு கலை வாழ்ந்துவந்தது, இன்றும் வாழ்கின்றது. அதுவே வர்மக்கலை. வர்ம நூல்கள் உடலில் 108 இடங்களைக் கூறும். அவற்றுள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். அவற்றையே இடத்தால் வகுக்குமிடத்துத் தலையுச்சி முதல் கழுத்து வரை 25, கழுத்து முதல் உந்தி வரை 45, உந்தி முதல் மூலம் வரை 9, கைகளில் 14, கால்களில் 15 என்பர். மார்பையும் மேல்வயிற்றையும் ஒரு கூறாகவும், உந்திக்குக் கீழ்ப்பட்டதை வேறு கூறாகவும் இவர்கள் கொண்டமை கருதத்தக்கது. உயிர்க்கு இடையூறு செய்யும் இடங்கள் எங்கே செறிந்துள்ளன என்பதே இவர்களது கணக்கு. அறைகளின் எல்லை அன்று.

வர்ம இடத்தைச் சுட்டும் முறையோ இன்னும் சுவையானது. வெளியே தெரியும் ஓர் அடையாளத்தை முதலிற் சொல்லி, அதிலிருந்து மேலாகவோ கீழாகவோ பக்கமாகவோ இத்தனை விரற்கடை என்று அளந்துரைப்பர். அவ்விரலும் ஆசானுடையதன்று, நோயாளியினுடையது. சிறுவனுக்குச் சிறு விரல், பேருடலனுக்குப் பெருவிரல். ஆதலின் அளவு உடலோடு தானே பொருந்திவிடுகின்றது. தெற்கன் களரி பயிலும் மலையாள ஆசான்மாரும் தமிழ் வர்ம ஏடுகளையே ஓதிவந்தனர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி.

மேனாட்டில் 1889-இல் நியூயார்க்கு நகரத்து அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி என்பார் குடல்வால் அழற்சியைக் கண்டறியும் வழியொன்றை வெளியிட்டார். வலப்பக்க இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கொப்பூழுக்கு நேர்க்கோடு ஒன்று வரைந்து, அம்முனையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தொலைவில் ஒற்றை விரலால் அழுத்தினால் கடுநோவு தோன்றும் என்றார். அவ்விடம் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. நாஞ்சில் நாட்டு ஆசான் ஒருவர் இதனைக் கேட்டிருப்பின் புதுமையாகக் கருதியிரார். ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. மக்பர்னி தாம் கண்டதை அச்சிட்டு உலகறியச் செய்தார். ஆசான் தாம் அறிந்ததைத் தேர்ந்தெடுத்த மாணாக்கன் ஒருவனுக்கு மறைவாக ஓதினார். கொல்லவும் வல்ல அறிவாகலின் மறைத்தற்குக் காரணம் உண்டு எனலாம். எனினும் மறைத்த அறிவு உடலின் உள்ளே திறந்து பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை இழந்துவிடுகின்றது.

உடலைத் திறந்து பார்த்துக் கற்பிக்கும் முறை இந்திய மொழிகளில் தொடங்கி, விரைவில் ஆங்கிலத்திற்கு மாறிய வரலாறு ஒன்றுண்டு. கல்கத்தாவில் 1822-இல் நிறுவப்பட்ட மருத்துவப் பள்ளியில் நாட்டு மொழிகளிலேயே பாடம் நடந்தது. அதற்காகப் பீற்றர் பிரெட்டன் என்பார் 1825-இல் உடலுறுப்புகளின் பெயர்களைப் பல மொழிகளில் தொகுத்து வெளியிட்டார். 1835-இல் பெண்டிங்கு பிரபு அப்பள்ளியை மூடி, ஆங்கில வழிக் கல்லூரியை நிறுவினார். அவ்வாண்டே சென்னையிலும் மருத்துவப் பள்ளி தோன்றியது. மறு ஆண்டில் கல்கத்தாவில் மதுசூதன குப்தர் சவத்தை அறுத்து உடற்கூறு கற்பித்தபோது கற்பித்த மொழி மாறிவிட்டிருந்தது.

இந்நிலையில் எதிர்நீச்சலிட்டவர் ஒருவர். அவர் தமிழரும் அல்லர், இந்தியரும் அல்லர். அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் 1847-இல் மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டில் மானிப்பாயில் தங்கி மருத்துவம் பார்க்கவும் மாணாக்கர்க்குக் கற்பிக்கவும் தொடங்கினார். முதலிற் கற்பித்தது ஆங்கிலத்தில்தான். கற்றுத் தேறியவர் அரசாங்க வேலைக்கும் தொலைவிலுள்ள ஊர்களுக்கும் சென்றுவிட, யாழ்ப்பாணத்துக் கிராமங்கள் மருத்துவரின்றியே கிடந்தன. இதனைக் கண்டு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். தமிழிற் கற்றவனே தமிழூரில் தங்குவான் என்பது அம்முடிவு. இடையில் தாயகம் சென்று 1862-இல் திரும்பிய பின்பு, 1864 முதல் தமிழ்வழி வகுப்பைத் தொடங்கினார். குடியேற்ற வாழ்வினராகிய நாம் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்கலாம். கல்வியின் மொழி ஒருவனை ஊரோடு கட்டுகின்றதா, ஊரினின்று விடுவிக்கின்றதா என்ற வினாவிற்கு நம் குடும்பங்களே இருவகை விடையும் ஆவன.

கற்பிக்க நூல் வேண்டுமே. கற்றர் என்பாரது உடற்கூற்று நூலை 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்னும் நெடும்பெயரில் 1850-களில் அவர் தமிழில் தந்தார். மான்செல் என்பாரது நூல் 1857-இல் 'பிரசவ வைத்தியம்' ஆயிற்று. துருயித்து என்பாரது அறுவை நூல் 1867-இல் 'இரண வைத்தியம்' எனவும், கிறேயின் உடற்கூற்று நூல் 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனவும், தால்தன் என்பாரது உடலியக்க நூல் 1883-இல் 'மனுஷ சுகரணம்' எனவும் வெளிவந்தன. வேதிநூல் 'கெமிஸ்தம்' ஆயிற்று. டான்போர்த், சாப்மன் முதலிய மிஷன் பெயர் தாங்கிய யாழ்ப்பாணத்துத் தமிழ் மாணாக்கர்களே இப்பணியில் அவர்க்குத் தோளாக நின்றனர். எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டவை.

கிறேயின் நூல் ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்த ஆண்டு 1858. ஆசிரியர் என்றி கிறே 34-ஆம் வயதில் பெரியம்மையால் மாண்டார். படங்கள் வரைந்த வாண்டைக் கார்ட்டர், நூல் வெளிவந்த ஆண்டே பம்பாய்க்கு வந்து கிராண்டு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். இலண்டனில் வெளிவந்த பதினான்கு ஆண்டுகளுக்குள் அப்பெருநூல் தமிழில் அச்சேறியது என்பதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பு மிகுகின்றது.

சொல்லாக்கத்தில் கிறீன் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தார். முதலில் மக்கள் வழக்கிலும் பழைய வைத்திய நூல்களிலும் தமிழ்ச் சொல் உண்டா என்று தேடுவது. இல்லையேல் வடமொழியை நாடுவது. அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயைய எழுதுவது. கெமிஸ்தம் என்பது மூன்றாம் வழியில் வந்தது. சுகரணம், உற்பாலனம் என்பன இரண்டாம் வழியின. அங்காதிபாதம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் செவியில் கேசாதிபாதம் ஒலிக்கின்றது. தெய்வத்தை அடி முதலாகவும் மாந்தரை முடி முதலாகவும் வருணிப்பது புலவர் மரபு. மனிதனைப் பற்றிய நூலுக்கு இப்பெயர் பொருந்தவே பொருந்தும். ஆயினும் இவ்வடமொழிப் பெயர்கள் நிலைக்கவில்லை. உடற்கூற்றியல், உடலியங்கியல் என்ற சொற்கள் அவற்றின் இடத்தைப் பற்றிக்கொண்டன. கிறீன் தேடிய முதல் வழிக்கு உரிய இரைப்பை, கல்லீரல், நுரையீரல் போன்ற தமிழ்ப் பெயர்களோ எவராலும் அசைக்க முடியாமல் நிற்கின்றன.

அவர் சொற்களைக் குறைகூற முற்படுவோர் ஒன்றனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்காலத்தில் ஐரோப்பாவிலேயே உடற்கூற்றுப் பெயர்கள் ஒழுங்குபடவில்லை. 1543-இல் வெசாலியசு தம் பெருநூலை வெளியிட்டது முதல் ஒவ்வொரு நாட்டு அறிஞரும் தத்தம் விருப்பம்போற் பெயரிட்டமையால் ஒரே உறுப்பு பல பெயர் பெற்று, பெயர்கள் ஏறக்குறைய 50,000 ஆகப் பெருகின. 1895-இல் பாசல் நகரிற் கூடிய அறிஞர்கள் அவற்றை ஐயாயிரத்துச் சொச்சமாகக் குறைத்தனர். 1955-இல் பாரிசில் மீண்டும் திருத்தினர். 1998-இல் மற்றுமொரு முறை. கிறீன் தமிழில் நூல் அச்சிட்ட 1872-இல் இலத்தீனுக்கே இல்லாத ஒழுங்கைத் தமிழிடம் எதிர்பார்த்தல் நேர்மையாகாது.

கிறீன் மருத்துவம் கற்பித்தோர் அறுபதிற்கு மேற்பட்டவர். அவர்களுள் 33 பேர் தமிழ்வழிக் கற்றவர். 1873-இல் அவர் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்பினார், 1884-இல் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்னும் குறிப்பு, அவர் விரும்பியவாறே, வூஸ்டரில் அவருடைய கல்லறைக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத் தேர்வும் ஆங்கிலச் சான்றிதழுமே தொழிலுக்கு வாயிலாயின பின்பு, தமிழ் நூலைப் படித்தவனுக்கு அரசு மதிப்பளிக்கவில்லை. நூல்கள் குறைபாட்டால் வீழ்ந்தன அல்ல. அவற்றைக் கேட்பாரின்றி வீழ்ந்தன என்பதே நம் கருத்து.

நம் நகரத்திற்கும் இக்கதையில் ஓர் இடமுண்டு. திருவிதாங்கூரில் ரெசிடென்சி மருத்துவராகப் பணிபுரிந்த எட்வர்டு ஜான் வாரிங் என்பார் கடைத்தெரு மருந்துச் சரக்குகளைப் பற்றி 1860-இல் ஒரு நூல் எழுதினார். 1868-இல் இந்திய மருந்து நூலைத் தொகுத்தார். பின்னதே கிறீன் குழுவினரால் 'இந்து பதார்த்த சாரம்' எனத் தமிழாயிற்று. நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் தொடங்கிய பணியை 1861 முதல் ஜான் லோ வளர்த்து, அங்கேயே உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவப் பயிற்சி அளித்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராயிருந்த சுந்தரம் பிள்ளையோ 'மனோன்மணீயம்' இயற்றிய புலவர் என்ற அளவிலேயே பலராலும் அறியப்படுகின்றார். அவர் அறிவுத்துறைகளையெல்லாம் முறையே வகுத்து 'நூற்றொகை விளக்கம்' எழுதியதும், உயிரினங்களின் இலக்கணத்தையும் பிரிவையும் பற்றித் தமிழில் கட்டுரை வரைந்ததும் நம் இளைஞர் அறிய வேண்டியவை. 42 ஆண்டே வாழ்ந்த அப்பெரியார் இன்னும் இருபது ஆண்டு இருந்திருப்பின் அறிவியல் தமிழுக்குத் திருவனந்தபுரமே தலைநகராகியிருக்கும் எனக் கூறுதல் மிகையாகாது.

இந்நகர மருத்துவக் கல்லூரியை 1951 நவம்பர் 27-இல் நேரு திறந்துவைத்தார். அங்கும் பிற மருத்துவக் கல்லூரிகளிற் போலவே பாடமொழி ஆங்கிலம். ஆயினும் பள்ளிப் பாடங்களுக்காகத் தமிழ்ச் சொற்கள் தொடர்ந்து ஆக்கப்பட்டன. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938-இல் வெளியிட்ட கலைச்சொற் தொகுதி ஒரு பெருமுயற்சி. இலங்கையில் பள்ளி அறிவியல் முழுவதும் தமிழில் நடக்கத் தொடங்கியபோது அங்குள்ளோர் தமக்கென ஒரு சொல்வரிசையை வகுத்தனர். தமிழ்நாட்டு அரசின் பாடநூல் கழகமும் அண்மை ஆண்டுகளில் மருத்துவப் பாடநூல்களைத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டது.

இதனால் ஓர் இடர் விளைந்தது. கடலின் இரு கரையிலும் ஒரே உறுப்பிற்கு இருவேறு பெயர். தமிழ்நாட்டு நூல்கள் மார்புக்குழி என்பதை இலங்கையார் நெஞ்சறை என்பர். குழியா, அறையா? குழி என்பது வாய் திறந்து ஆழ்ந்து கிடப்பது. கண்குழி, தொண்டைக்குழி, நெஞ்சுக்குழி என வெளியே தெரியும் பள்ளங்களுக்கு மக்களே அப்பெயரை இட்டுவிட்டனர். நெஞ்சுக்குழி என்று பாட்டியார் கூறுவது மார்பெலும்பின் கீழ்ப்பள்ளத்தை; மார்புக்குழி என்று பாடநூல் கூறுவது நுரையீரலும் இதயமும் அடங்கிய பேரிடத்தை. இவ்விரண்டையும் ஒரே மாணவன் ஒரே நாளில் கேட்டால் மயங்காமல் என் செய்வான்? இதயத்தின் உட்பகுதிகளையும் அறை என்றே வழங்குவதால் அறை என்னும் சொல்லிலும் சிறு இடையூறு உண்டு. எனினும் நாலு புறமும் அடைபட்டது என்னும் பொருளால் அறையே பொருத்தமுடையது என்பது நம் துணிபு.

மார்பறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத்திரை பற்றிய சொல்வேறுபாடு இன்னும் இனியது. இலங்கையார் அதனைப் பிரிமென்றகடு என்பர்: பிரிக்கின்ற மெல்லிய தகடு. தமிழ்நாட்டார் உதரவிதானம் என்பர். உதரம் வயிறு, விதானம் மணப்பந்தலிலும் மண்டபத்திலும் தலைக்கு மேலே கட்டும் மேற்கட்டி. முன்னது தனித்தமிழ், செயலை நேரே உரைக்கின்றது. பின்னது வடசொல், வடிவத்தைக் காட்டுகின்றது. மெய்யாகவே அது தகடு போல் தட்டையானதன்று. பந்தல் மேற்கட்டி போல் இரு குவடாக மேலெழுந்து நிற்பது, கல்லீரலைத் தன் வலக்குவட்டின் கீழே வைத்திருப்பது. மூச்சை உள்ளிழுக்கும்போது தாழ்ந்து தட்டையாகின்றது. விடும்போது மீண்டும் குவிகின்றது. பெருஞ்சிரை, உணவுக்குழல், பெருந்தமனி ஆகிய மூன்றும் முறையே மார்பு முள்ளெலும்புகளின் 8, 10, 12-ஆம் மட்டங்களில் அதனைக் கடந்து செல்கின்றன. உணவுக்குழல் கடக்கும் அவ்வாயில் தளர்ந்தால் முன் கூறிய நெஞ்செரிச்சல் தோன்றுகின்றது.

அத்திரைக்கு நரம்பு வருவதோ கழுத்திலிருந்து. கரு வளரும் காலத்தில் கழுத்தருகே தோன்றிக் கீழே இறங்கிய உறுப்பாகலின் தன் பழைய நரம்பை உடன் இழுத்துவந்திருக்கின்றது. அதனால் கல்லீரலின் மேற்புறத்தில் சீழ்க்கட்டி உண்டாகி இத்திரையை உறுத்தினால் நோயாளி வலத்தோளில் வலிக்கின்றது என்பார். தோளில் தைலம் தேய்த்துப் பயனில்லை. பிறந்த ஊரை விட்டுத் தொலைவு வந்தும் அவ்வூர்ப் பெயரையே முகவரியாகச் சொல்லும் நம்மைப் போன்றதுதான் அத்திரையும். உதரவிதானம் என்று தமிழ்நாட்டுப் பாடநூலில் படிக்கும் நம் பிள்ளைகள் பிரிமென்றகடு என்னும் சொல்லையும் அதனருகே எழுதிவைத்துக்கொள்ளலாம். இரண்டும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் சொற்களே.